அன்று 10, இன்று 5: எந்த மதிப்பெண்ணை நம்புவது?

கேள்வி: பள்ளி நாட்களிலிருந்து வீடியோ கேம் ஆடி வருகிறேன். இப்போது வயது 39. ஆடிய ஒவ்வொரு கேமுக்கும் ஒரு நோட்டில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பக்கத்தில் ஓரிரு வரி எழுதிவைப்பது என் பழக்கம். சமீபத்தில் பழைய பக்கங்களைப் புரட்டி, அன்று நல்ல மதிப்பெண் வாங்கியவற்றை மறுபடி ஆடிப் பார்த்தேன். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்கு அன்று 10, இன்று 5. டோம்ப் ரைடருக்கு அன்று 9, இன்று 4. அதன் நாயகி லாராவைத் திருப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ரெசிடென்ட் ஈவில் 4 அன்று 10. புதிய ரீமேக்கை ஆடிவிட்டுப் பழையதற்குத் திரும்பினால் 6 போடத்தான் மனம் வருகிறது. வைஸ் சிட்டியைப் பாதியில் விட்டேன். டூம் மட்டும் அன்றும் 9, இன்றும் 9.

புதிய கேம்களுக்கு வந்தால் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, பிரெத் ஆஃப் த வைல்டு, எல்டன் ரிங் எல்லாமே 7. ஒன்றையும் முடிக்கவில்லை. ஹேடீஸ் மட்டும் 8, அதை முடித்தேன். நான் சின்ன வயதில் ஏமாந்தேனா, அல்லது இப்போது ரசனை மரத்துவிட்டதா? பழைய கேம்களைத் தொடாமல் நினைவிலேயே விட்டுவிடுவது நல்லதா? நண்பர் ஒருவர் அவுட்டர் வைல்ட்ஸ் ஆடு என்கிறார். முடிக்காத கேம்கள் இத்தனை இருக்கும்போது இன்னொன்றைத் தொடங்கலாமா? நோட்டின் சில பக்கங்களை நகலெடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

எண்களை ஒதுக்கிவைத்துவிட்டு, அவற்றுக்குப் பக்கத்தில் நீங்கள் எழுதிய வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்கு அன்று எழுதியது: "நிழலோடு சண்டை போட்டுச் செத்தேன். வாளை உள்ளே போட்டதும் ஜெயித்தேன்." அதே கேமுக்கு இந்த வருடம் எழுதியது: "கன்ட்ரோல் மோசம், கிராஃபிக்ஸ் பழசு." முதல் வரியில் நீங்கள் இருக்கிறீர்கள். இரண்டாவது வரியை அந்த கேமைத் தொடாதவரும் எழுதிவிடலாம். உங்களைக் குழப்புவது 10-க்கும் 5-க்கும் உள்ள தூரம். எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த இரண்டு வரிகளுக்கும் இடையே உள்ள தூரம்.

நான் லெவல் டிசைனர். எதிரி எந்த மூலையில் நிற்க வேண்டும், கதவு எப்போது திறக்க வேண்டும், ஆடுபவருக்கு எங்கே மூச்சுவிட இடம் தர வேண்டும் என்றெல்லாம் தீர்மானிப்பது என் வேலை. அரைகுறையாக இருக்கும்போதே லெவலை வெளியாட்களிடம் கொடுத்து ஆடச் சொல்வோம். இதற்கு பிளேடெஸ்ட் என்று பெயர். "எப்படி இருந்தது?" என்று அங்கே முதலில் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக்கு "நன்றாக இருந்தது" என்பார்கள், எண் கேட்டால் 7 என்பார்கள். அந்த 7-ஐ வைத்து ஒரு கதவைக்கூட நகர்த்த முடியாது. அதனால் பின்னால் உட்கார்ந்து பார்ப்போம். எங்கே தயங்கினார், எங்கிருந்து வந்த வழியே திரும்பினார், எதைத் திறக்க முடியும் என்று நம்பிச் சுவரை முட்டினார் என்று குறித்துக்கொள்வோம். ஆடி முடித்த பிறகு கேட்பது ஒன்றுதான்: "அந்த இடத்தில் என்ன செய்ய நினைத்தீர்கள்?"

உங்கள் நோட்டிடமும் இதையே கேளுங்கள். கேம் என்பது நீங்கள் அதில் செய்ததையும் செய்ய முயன்றதையும் சேர்த்ததுதான். அதைத் தனியே எடுத்து மேசைமேல் வைத்து மதிப்பெண் போட்டால் பாதிதான் கையில் கிடைக்கும். பதினைந்து வயதில் நீங்கள் போட்ட 10, அந்த வயதில் அந்த மேசையில் அந்தக் கைகள் செய்ததற்கான மதிப்பெண். அது பொய்யாக இருக்க வழியே இல்லை. நீங்கள் ஏமாறவில்லை.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவையே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கேம் என்பதால் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் ஆப்பிள் II கணினிக்காக ஜோர்டன் மெக்னர் செய்தது. தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, ஒவ்வொரு படத்தையும் பார்த்து வரைந்து இளவரசனின் அசைவுகளை உருவாக்கினார். அதனால்தான் அந்த இளவரசன் மனிதனைப் போல ஓடுகிறான். மனிதனைப் போல ஓடுவதால், மனிதனைப் போலவே உடனே நிற்க முடியாமல் தடுமாறுகிறான். இன்று நீங்கள் "கன்ட்ரோல் மோசம்" என்று எழுதியது இதைத்தான். பட்டனை விட்ட கணத்தில் நிற்கும் கேம்களுக்குப் பழகிய விரல், அவன் இன்னும் இரண்டடி சறுக்கிப் பள்ளத்தில் விழும்போது எரிச்சல்படுகிறது. ஆனால் அந்தக் கேமில் ஷிப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு நடந்தால் அவன் அடிமேல் அடி வைத்துப் போவான், விளிம்பில் தானாக நிற்பான். முள் தரைக்கும் அதே நடைதான் வழி. ஓடலாமா, நடக்கலாமா என்று ஒவ்வோர் அறையிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தலைக்குமேல் 60 நிமிடக் கெடு வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடினால் விழலாம், நடந்தால் நேரம் போகும். கேமின் மொத்த பதற்றமும் அந்தத் தடுமாற்றத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வெறும் சுவரும் பள்ளமும்தான் மிஞ்சும்.

அந்த நிழல் மனிதனின் கதையும் அழகானது. புதிதாக ஓர் எதிரியை வரைந்து சேர்க்க அந்தக் கணினியில் நினைவகம் மிச்சமில்லை. இளவரசனின் படங்களையே எடுத்துச் சின்னக் கணக்கு வித்தை ஒன்றைச் செய்து வேறு தோற்றம் கொடுத்தார் மெக்னர். நிழல் பிறந்தது இப்படித்தான். கண்ணாடியை உடைத்துக்கொண்டு நீங்கள் தாவும்போது அது உங்களிடமிருந்து பிரிந்து போகிறது. பிறகு உங்கள் மருந்தைக் குடிக்கிறது, கதவை மூடி உங்களைக் கீழே தள்ளுகிறது. கடைசியில் எதிரே நிற்கும்போது அதை வெட்டினால் வலிப்பது உங்களுக்குத்தான். வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடந்தால் இரண்டு உருவமும் ஒன்றாகின்றன. இதைச் செய்யும்படி எந்த எழுத்தும் திரையில் வராது. நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அதைத்தான் அன்று எழுதிவைத்தீர்கள். இப்போது மறுபடி ஆடும்போது அந்தக் கண்டுபிடிப்பு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. கேமால் அதை இரண்டாவது முறை தர முடியாது. இன்றைய 5-இல் ஒரு பங்கு இதனால் வந்தது. இதற்கு நீங்களும் பொறுப்பில்லை, கேமும் பொறுப்பில்லை.

டோம்ப் ரைடரில் நடந்தது வேறு. 1996-இல் வந்த அந்த கேமின் உலகம் முழுவதும் ஒரே அளவுக் கட்டங்களால் ஆனது. விளிம்பில் நின்று பின்னால் ஒரு குதி குதித்தால், ஓடித் தாவுவதற்குத் தேவையான தூரம் சரியாகக் கிடைத்துவிடும். லாராவின் ஒவ்வொரு தாவலுக்கும் எத்தனை கட்டம் என்ற கணக்கு உண்டு. அந்தக் கணக்கை அறிந்தவருக்கு அது சதுரங்கம் போன்ற ஆட்டம்: பார், அளந்துகொள், பிறகு நகர். அன்று வந்த பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் கட்டை விரலால் சாய்க்கும் ஸ்டிக்குகளே கிடையாது. அவை 1997-இல்தான் வந்தன. ஒரு ஸ்டிக்கில் நடை, இன்னொன்றில் கேமரா என்ற இன்றைய பழக்கம் அதற்கும் பிறகுதான் எல்லா இடத்திலும் ஊன்றியது. இன்று உங்கள் இரண்டு கட்டை விரல்களும் அந்தப் பழக்கத்தோடுதான் டோம்ப் ரைடருக்குள் போகின்றன. லாரா அங்கே திரும்பமாட்டாள். 2024-இல் வந்த மறுவெளியீட்டில் புதுவிதக் கன்ட்ரோலும் பழைய கன்ட்ரோலும் இரண்டுமே இருக்கின்றன. புதியதைத் தேர்ந்தெடுத்தால் லாரா சுலபமாகத் திரும்புவாள், ஆனால் கட்டக் கணக்கு கைநழுவிவிடும். மறுபடி முயல்வதாக இருந்தால் பழையதையே தேர்ந்தெடுத்து, முதல் அரை மணி நேரம் எதையும் சாதிக்க நினைக்காமல் அவளுடைய வீட்டுப் பயிற்சி அறையில் தாவிப் பழகுங்கள். அன்றும் நீங்கள் அதைத்தான் செய்தீர்கள் என்று நோட்டிலேயே இருக்கிறது: "வீட்டிலேயே ஒரு மணி நேரம் குதித்தேன்." அந்த ஒரு மணி நேரத்தை இம்முறை நீங்கள் கொடுக்கவில்லை.

ரெசிடென்ட் ஈவில் 4-ஐப் பொறுத்தவரை உங்கள் 6-ஐ நான் ஏற்கமாட்டேன். 2005-இல் வந்த மூலத்தில் துப்பாக்கியைத் தூக்கினால் கால் நின்றுவிடும். 2023 ரீமேக்கில் குறிபார்த்தபடியே நடக்கலாம். ரீமேக்கை முடித்த கையோடு மூலத்துக்குப் போனால் காலில் ஆணி அடித்தது போலத்தான் இருக்கும். ஆனால் மூலத்தின் எதிரிகளைக் கவனியுங்கள். தூரத்தில் ஓடிவருபவன் அருகே வந்ததும் நடையைத் தளர்த்திவிடுவான். உங்களால் நகர முடியாது என்பதைக் கணக்கில் வைத்தே அவனைச் செய்திருக்கிறார்கள். நின்று சுடுவதா, திரும்பி ஓடுவதா என்ற தவிப்புதான் அந்தக் கிராமத்துச் சண்டையின் உயிர். ரீமேக்கில் கால் விடுதலையானதால் எதிரிகள் வேகமானார்கள். அடியைத் தடுக்கக் கத்தி வந்தது, அந்தக் கத்தி தேய்ந்து உடையும் என்ற கவலையும் சேர்ந்து வந்தது. இரண்டும் தனித்தனிச் சமன்பாடுகள். ஒன்றின் விதியை விரலில் வைத்துக்கொண்டு மற்றொன்றுக்கு மதிப்பெண் போடக் கூடாது. சில மாதம் இடைவெளி விட்டு மூலத்துக்குப் போங்கள்.

வைஸ் சிட்டி விஷயத்தில் உங்கள் இன்றைய எரிச்சல் நியாயமானது. 2002-இல் வந்த அந்த நகரத்தின் நிறத்தையும் காற்றையும் நான் நேசிக்கிறேன். இருந்தாலும் மிஷனுக்குள் செக்பாயின்ட், அதாவது தோற்றால் மறுபடி தொடங்க நடுவே ஓர் இடம், இல்லாததை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. கடைசி நொடியில் தோற்றால் தொடங்கிய இடத்துக்கே டாக்ஸி பிடித்துப் போக வேண்டும். பொம்மை ஹெலிகாப்டரில் வெடிகுண்டு தூக்கும் அந்த மிஷனை கீபோர்டில் ஆடிய தலைமுறையில் அதை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. அன்று கையில் வேறு கேம் இல்லாததால் பொறுத்துக்கொண்டோம். இன்று அதே பொறுமையை உங்களிடம் கேட்க அதற்கு உரிமையில்லை. மிஷன்களை விட்டுவிட்டு வெறுமனே கடற்கரை ஓரமாக பைக் ஓட்டுங்கள். தண்ணீரில் மட்டும் விழுந்துவிடாதீர்கள், அதன் நாயகன் டாமிக்கு நீச்சல் தெரியாது.

டூமுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 1993-இல் வந்ததாக இருந்தாலும், அதில் மேலே கீழே குறிபார்க்க வேண்டாம், துப்பாக்கியில் குண்டு மாற்றி நிற்க வேண்டாம். நகர்வதும் சுடுவதும் மட்டும்தான், அவையும் விரல் நினைத்த கணத்தில் நடக்கும். விதிகள் குறைவாகவும் உடனடியாகவும் இருக்கும் கேம்களுக்கு மூப்பு மெதுவாக வருகிறது. 1984-இன் டெட்ரிஸ் இன்னும் மூப்படையாமல் இருக்கவும் இதுவே காரணம்.

முடிவாக எதையும் எழுதும் முன் உங்கள் டிவியைப் பாருங்கள். கடிதத்தில் "மாரியோகூட முன்பைவிடக் கஷ்டமாக இருக்கிறது, கை மந்தமாகிவிட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. கை மந்தமாகியிருக்கலாம், டிவி மந்தமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 17 மில்லிநொடி. பழைய குழாய் டிவியில் சிக்னல் வந்ததும் படம் விழுந்துவிடும். இன்றைய டிவிகள் படத்தை வாங்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டுகின்றன. அதில் 50 மில்லிநொடி போனால்கூட மூன்று ஃப்ரேம் தாமதம். மாரியோவில் விளிம்பில் தாவ மூன்று ஃப்ரேம் பெரிய வித்தியாசம். டிவி அமைப்புகளில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிட்டு மறுபடி ஆடுங்கள். படத்தை அகலவாக்கில் இழுத்து நிரப்பாமல் 4:3 விகிதத்திலேயே வையுங்கள். அந்தக் காலத்துப் படங்கள் குழாய் டிவியின் மங்கலை நம்பி வரையப்பட்டவை. அதனால் பழைய கேம்களைப் புதிய கருவியில் ஓட்டும் எமுலேட்டரில், குழாய் டிவியின் கோடுகளைப் போலக் காட்டும் ஸ்கேன்லைன் வசதி இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். உங்கள் "கிராஃபிக்ஸ் பழசு" கொஞ்சம் இளகும்.

இனி புதியவை. மூன்று கேமுக்கும் ஒரே 7 போட்டிருக்கிறீர்கள். ஆனால் பக்கத்திலுள்ள வரிகள் மூன்றும் மூன்று திசையில் போகின்றன.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு "எல்லாமே மெதுவாக இருக்கிறது" என்று எழுதி, அதன் கீழேயே "மழையில் முகாமுக்குத் திரும்பும்போது வேகமாகப் போகத் தோன்றவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2018-இன் இந்த கேமில் மெதுவாக இருப்பது விபத்தாக நேர்ந்ததில்லை. நாயகன் ஆர்தர் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுப்பான், வேட்டையாடிய மிருகத்தின் தோலை நிதானமாக உரிப்பான். ஓட வேண்டுமென்றால் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் அத்தியாயம் முழுக்கப் பனிமலையில் உங்களைக் கட்டிப்போட்டு, ஒரு கூட்டத்தோடு நடக்க வைக்கிறது. எல்லாவற்றையும் நான் ஆதரிக்கவில்லை. மிஷனுக்குள் ஒரு அடி தள்ளிப் போனால் தோல்வி என்று அறிவிக்கும் பிடிவாதம் எனக்கும் பிடிக்காது. அத்தனை பெரிய உலகத்தைக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஆனால் உங்கள் இரண்டாவது வரி பொய் சொல்லவில்லை. அந்தக் கேமிடம் உங்களுக்கு வேண்டியது முகாமும் மழையும் குதிரையும் என்றால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கதையை முடிக்கும் கடமை எதுவும் உங்களுக்கு இல்லை.

பிரெத் ஆஃப் த வைல்டு பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: கொரோக் விதை 212. அதற்குப் பிறகு எழுத்தே இல்லை. இதுதான் என்னை வருத்திய பக்கம். 2017-இல் அந்த கேமை உருவாக்கியவர்கள் உலகமெங்கும் 900 விதைகளை ஒளித்துவைத்தார்கள். அந்த விதைகளைக் கொடுத்துப் பொருள் வைக்கும் பையைப் பெரிதாக்கலாம். பையின் எல்லா இடங்களையும் திறக்க 441 போதும். மீதி அத்தனையும் யார் எந்தப் பக்கம் போனாலும் வழியில் ஒன்று தட்டுப்பட வேண்டும் என்பதற்காக வைத்தவை. கல்லைத் தூக்கிப் பார்க்கும் ஆசை தோன்றியவருக்குக் கிடைக்கும் சின்னச் சபாஷ் அது. நீங்கள் அதைப் பாக்கிப் பட்டியலாக மாற்றிக்கொண்டீர்கள். 900-ஐயும் சேர்த்தவருக்குக் கிடைக்கும் பரிசே ஒரு கேலிப் பொருள்தான். இதைத் தேடி அலையாதீர்கள் என்று செய்தவர்களே சொல்வது போல இருக்கிறது அது. அந்தக் கேமின் முதல் பீடபூமியிலிருந்து இறங்கியதுமே கடைசி எதிரியிடம் நேராகப் போக முடியும். தொலைநோக்கியில் பார்த்து மேப்பில் குறி வைப்பதும் நீங்கள்தான். மேப்பைத் திறக்காமல் ஒரு மாலை முழுக்க ஆடுங்கள். கண்ணுக்குத் தெரியும் உயரமான ஒன்றை நோக்கி ஏறுங்கள். மழை வந்து பாறை வழுக்கினால் ஒதுங்கி நில்லுங்கள். அதன் பிறகும் 7 என்று தோன்றினால் ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பழையவை, புதியவை இரண்டிலும் இது உங்களைத் தொடுகிறது. 2002-இல் வந்த மாரோவிண்டில் ஒருவர் வழி சொன்னால் "பாலத்தைத் தாண்டி வடக்கே போ, பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பு" என்ற வகையில்தான் சொல்வார். அதே தொடரில் 2006-இல் வந்த ஒப்லிவியனில் திசைகாட்டியில் ஒரு குறி வந்துவிட்டது, அதைப் பார்த்து நடந்தால் போதும். அந்தக் குறி வந்த பிறகு எத்தனையோ பேர் கேமுக்குள் வழி தொலைவதிலிருந்து தப்பினார்கள். உலகைப் பார்ப்பதையும் கூடவே நிறுத்தினார்கள். இஷ்டப்படி சுற்றித் திரியவிடும் பல ஓபன் வேர்ல்டு கேம்கள் உங்களுக்கு ஒரே மாதிரி தோன்றுவதில் இந்தக் குறிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. குறியை அணைக்கும் வசதி பல கேம்களில் இருக்கிறது. ஆனால் சொற்களால் வழி சொல்லாத கேமில் அணைத்தால் தொலைந்துதான் போவீர்கள். ஆகவே எல்லாவற்றிலும் அணைத்துவிடாதீர்கள்.

எல்டன் ரிங்குக்கு நீங்கள் எழுதியது ஒரே வரி: "குதிரை வீரனிடம் ஒரு வாரம் செத்தேன், விட்டுவிட்டேன்." அந்தத் தங்கக் கவசக் குதிரை வீரன் முதல் குகையை விட்டு வெளியே வந்ததும் நிற்பவன். அவன் உங்களை நிறுத்த வைக்கப்பட்டவன் என்று நினைத்துவிட்டீர்கள். சுற்றிப் போகலாம் என்பதைக் காட்டத்தான் அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். 2022-இல் வந்த இந்த கேம் முழுக்க அந்த ஒரு பாடத்தின் மேல்தான் நிற்கிறது: முடியவில்லையா, வேறு பக்கம் போ, பலமாகி வா. பழைய கேம்கள் பலவற்றில் வழி ஒன்றே ஒன்று. தாண்டாவிட்டால் அடுத்தது இல்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை அங்கேயே மோதிக்கொண்டிருந்ததில் வியப்பில்லை. அந்த சேவ், அதாவது விட்ட இடத்தின் பதிவு, இன்னும் இருந்தால் அவனைத் தொடாமல் அவனுக்குப் பின்னாலிருக்கும் பாழடைந்த தேவாலயத்தின் பக்கம் போய், அங்கிருந்து தொடருங்கள். கொஞ்ச தூரத்தில் உங்களுக்கே ஒரு குதிரை கிடைக்கும்.

ஹேடீஸை மட்டும் ஏன் முடித்தீர்கள் என்பதும் உங்கள் வரியிலேயே இருக்கிறது: "செத்து வீட்டுக்குப் போனால் எல்லோரும் புதிதாக ஏதாவது பேசுகிறார்கள்." 2020-இல் வந்த அந்த கேமில் சாவுதான் கதையை நகர்த்துகிறது. தோற்றவரை வெறுங்கையோடு அனுப்புவதே இல்லை. ஒரு சுற்று முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், மறுநாள் எங்கே விட்டோம் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டிய பாரமும் இல்லை. வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையில் கிடைக்கும் துண்டு நேரத்தில் ஆடுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நூறு மணி நேரக் கதையை வாரம் ஒரு மணி நேரம் ஆடினால் யாருக்கும் சலிக்கும். ரசனை மரத்துப்போனவர் அந்த வரியை எழுதியிருக்கமாட்டார். உங்களுக்கு இன்றிருக்கும் நேரத்தின் வடிவத்துக்கு அது பொருந்தியது, மற்றவை பொருந்தவில்லை. 2018-இன் செலஸ்டை இதனால்தான் உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வோர் அறையும் ஒரு திரை அளவுதான் பெரும்பாலும். செத்தால் கண்ணிமைப்பதற்குள் அதே அறையில் நிற்பீர்கள். விளிம்பைத் தாண்டிய பிறகு சில ஃப்ரேம் வரை தாவ அனுமதிக்கும் கருணையும் அதில் இருக்கிறது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் சறுக்கலுக்கு நேர் எதிரான அணுகுமுறை அது. இரண்டையும் அடுத்தடுத்து ஆடினால் ஒரு தாவலை எத்தனை விதமாகச் செய்ய முடியும் என்று உங்கள் விரலே சொல்லும்.

நோட்டை என்ன செய்வது? மதிப்பெண் பத்தியை இனி காலியாக விடுங்கள். ஆடி முடித்த இரவு இரண்டு வரி: எங்கே நின்றேன், அங்கே என்ன செய்ய நினைத்தேன். நினைத்தது நடந்ததா என்பதையும் முடிந்தால் சேருங்கள். பழைய கேமை மறுபடி ஆடும் முன் அன்றைய வரியைப் படிக்காதீர்கள். ஆடிய பிறகு படியுங்கள். இரண்டு வரியும் ஒரே இடத்தைச் சொன்னால் அது நல்ல லெவல் என்று ஒரு டிசைனராக என்னால் சொல்ல முடியும். வேறு வேறு இடங்களைச் சொன்னால் இன்னும் சுவாரசியம்: அன்று பார்க்காத ஒன்றை இன்று பார்த்திருக்கிறீர்கள்.

பழையவற்றைத் தொடாமல் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கண்டுபிடிப்பால் மட்டுமே நிற்கும் கேம்களைத் தொடாதீர்கள், கைப்பழக்கத்தால் நிற்பவற்றைத் தாராளமாகத் தொடுங்கள். டூம், மாரியோ, டோம்ப் ரைடர் எல்லாம் இரண்டாவது வகை. விரல் பழகப் பழகத் திரும்ப வரும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நிழலை இனி யாரும் உங்களுக்குப் புதிதாகக் காட்ட முடியாது. ஆனால் 60 நிமிடத்துக்குள் முடிக்கும் சவாலை நீங்கள் எடுத்ததாக நோட்டில் எங்கும் காணோம். அதை எடுத்துப் பாருங்கள், அது அன்றும் நீங்கள் ஆடாத கேம்.

அவுட்டர் வைல்ட்ஸைத் தொடங்குங்கள். முடிக்காத மற்றவை அப்படியே கிடக்கட்டும், அவை உங்கள்மேல் வழக்குப் போடப்போவதில்லை. 2019-இல் வந்த அந்த கேம் முழுக்க முழுக்கக் கண்டுபிடிப்பால் நிற்பது. 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கையில் புது ஆயுதமோ பலமோ எதுவும் சேராது, உங்களுக்குத் தெரிந்தது மட்டும்தான் மிஞ்சும். ஒரு துண்டு நேரத்துக்கு ஒரு சுற்று என்று ஆடலாம். போன முறை என்ன தெரிந்துகொண்டீர்கள் என்பதைக் கப்பலிலுள்ள கணினியே குறித்துவைத்திருக்கும். அதன் வீடியோக்களைப் பார்க்காதீர்கள், வழிகாட்டிகளைத் திறக்காதீர்கள், முடித்த நண்பரிடம் அவராகக் கேட்கும் வரை எதையும் பேசாதீர்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் அந்தக் கிரகத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பறந்துவிடுங்கள்.